இரட்டைப் படம் சொன்ன சேதி
அமெரிக்காவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, கைப்பிடி வைத்த பழைய மரக்கருவி ஒன்றைக் காட்டினாள். 1861-ல் டாக்டர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் வடிவமைத்த மாதிரியாம். அதில் செருகிய அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நயாகரா படங்கள். பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என்று துளி தள்ளி எடுத்தவை. இரண்டையும் மூளை ஒன்றாக்கும்போதுதான் ஆழம் தெரியும். லென்ஸ் வழியே பார்த்தேனோ இல்லையோ, அருவி என் மேலேயே கொட்டுகிற மாதிரி இருந்தது! அந்தக் காலத்து அமெரிக்கர்கள் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்தே ஊர் பார்த்தது இப்படித்தான்.

என் ஐந்து வயசு மகனோ, "வெறும் படம்தானேம்மா!" என்றான். எனக்குத் திக்கென்றது. கண் டாக்டரிடம் காட்டினோம். ஒரு கண்ணில் பார்வை மந்தம்! நல்ல கண்ணைத் தினமும் சிறிது நேரம் மூடிப் பழக்கியதில் இப்போது தேவலை.

பள்ளிக்கு அனுப்புமுன் குழந்தையின் கண்ணை ஒரு தடவை பரிசோதித்துவிடுங்களேன்.