வைத்தியரின் கைக்கு வந்த சிறு நூல்

‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும்’ என்பது யாழ்ப்பாணத்து வீடுகளில் வழிவழி வந்த பழமொழி. அரசாங்க உத்தியோகமே நிலையானது, ஏனையவை ஐயத்துக்குரியன என்னும் எண்ணம் அதனுள் அடங்கியுள்ளது. நல்ல வேலையில் அமர்ந்திருக்கும் பிள்ளை, அதனை விட்டு வேறொரு வழியில் செல்லப் போவதாகச் சொல்லும் நாளில் வீட்டில் எழும் கலக்கத்தை நாம் அறிவோம். தாய்க்கு உணவு செல்லாது. தந்தை பேச்சைக் குறைத்துக்கொள்வார். அயலார் காரணம் வினவுவர். இக்கலக்கத்தை எள்ளி நகையாடுதல் தகாது. ஒருவனுடைய தொழில் அவனுக்கு மட்டும் உரியதன்று. அதனை நம்பி ஒரு குடும்பமே வாழ்கின்றது.

அவ்வாறாயின், கடவுளை நம்பித் தொழில் மாறினோம் என்று பக்தர்கள் சொல்வது யாது? கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் குதிப்பதா? அன்றி அதற்கும் ஒரு முறையும் நிதானமும் உண்டா? இவ்வினாவை எண்ணும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருபவர் ஒருவர். அவர் அந்நிய நாட்டில் பிறந்தவர். ஆயினும் நம் பண்டத்தரிப்பின் மண்ணிலே வாழ்ந்து, நம் முன்னோரின் நாடி பார்த்தவர். அவரே வைத்தியர் ஜோன் ஸ்கடர்.

நோயாளி வீட்டில் நேர்ந்தது

ஸ்கடர் 1793ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலே பிறந்தார். பிரின்ஸ்டன் கல்லூரியில் 1811இல் பட்டம் பெற்று, நியூயோர்க் நகரில் வைத்தியம் பயின்று 1813இல் தேறினார். அந்நகரிலேயே தொழில் தொடங்கிய அவருக்குச் சில ஆண்டுகளில் நற்பெயரும் வருவாயும் பெருகின. 1816இல் ஹரியற் என்னும் நங்கையை மணந்தார். குழந்தையும் பிறந்தது. உலகத்தார் விரும்பும் யாவும் இருபத்தைந்து வயதுக்குள் அவரை வந்தடைந்தன.

ஒருநாள் நோயுற்ற பெண்மணி ஒருவரைப் பார்க்கச் சென்றவர், முன்னறையிற் காத்திருக்க நேர்ந்தது. மேசைமீது சிறு நூல் ஒன்று கிடந்தது. பொழுதைப் போக்குவதற்காக அதனைக் கையில் எடுத்தார். உலகில் அறுபது கோடி மக்கள் கிறிஸ்துவின் நற்செய்தியைக் கேளாதிருக்கின்றனர், அவர்களுக்குத் திருச்சபையின் கடன் யாது என்று கேட்கும் நூல் அது. எழுதியவர்கள் பம்பாயிற் பணிபுரிந்த கோடன் ஹோல், சாமுவேல் நியூவெல் என்னும் இரு மிஷனரிமார். இவர்களுள் நியூவெல் 1813இல் நம் இலங்கையில் தங்கியிருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஸ்கடர் அந்நூலை வீட்டுக்கு எடுத்துச் சென்று முழுவதையும் படித்தார். அதற்குப் பின் அவருக்கு அமைதி இல்லை. ‘இது பிறருக்கு எழுதப்பட்டதன்று, எனக்கே எழுதப்பட்டது’ என்னும் உணர்வு அவரைப் பற்றிக்கொண்டது.

நாம் நாள்தோறும் எத்தனையோ படிக்கின்றோம். பத்திரிகையைப் புரட்டுகின்றோம், பரீட்சைக்காகப் பாடநூலை மனனம் செய்கின்றோம். ஆனால் ஒரு நூல் நம்மைப் படிக்குமாறு நாம் இடங்கொடுப்பது அரிது. தனித்திருந்து, அவசரமின்றி, விடை சொல்லவேண்டியவன் நானே என்ற எண்ணத்தோடு படிக்கும் படிப்பு வேறு. அத்தகைய படிப்பே ஸ்கடரின் வாழ்வைத் திருப்பியது.

துணிவும் நிதானமும்

இவ்வளவில் அவர் மூட்டை கட்டிப் புறப்பட்டுவிடவில்லை. முதலில் இறைவனிடம் வேண்டினார். பின்னர் மனைவியிடம் மனந்திறந்து கூறினார். இதனை நாம் ஊன்றி நோக்கவேண்டும். கடவுள் தம்மை அழைக்கின்றார் என்று நம்பியவர், இல்லாளின் சம்மதமின்றி அவ்வழைப்பை நிறைவேற்ற முயலவில்லை. ஹரியற் அம்மையார் ஆராய்ந்து இசைந்தார். மிஷன் சங்கத்தாரும் அக்காலத்தில் வைத்தியமும் ஊழியமும் ஒருங்கே செய்யவல்ல ஒருவரை நாடியிருந்தனர். உள்ளத்தில் எழுந்த அழைப்பும், வீட்டின் இசைவும், வெளியில் திறந்த வாயிலும் மூன்றும் ஒத்த பின்னரே அவர் தம் தொழிலைக் கைவிட்டார்.

உற்றார் யாவரும் மகிழ்ந்தனர் என்று எண்ணிவிடலாகாது. தந்தையார் இதனை விரும்பவில்லை. நண்பர்கள் அவருடைய எதிர்காலத்தை எண்ணி வருந்தினர். ஆயினும் 1819 ஜூன் மாதம் ‘இண்டஸ்’ என்னும் பாய்க்கப்பல் பொஸ்ரன் துறைமுகத்தை விட்டு நீங்கியபோது, ஸ்கடரும் மனைவியும் சிறு மகளும் அதில் இருந்தனர்.

நம்பிக்கையின் விலை

கடவுளை நம்பிப் புறப்பட்டவர்க்கு வழியெல்லாம் மலர் விரித்திருக்கும் என்று சிலர் போதிப்பர். ஸ்கடரின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. கப்பல் நான்கு மாதம் கடலிற் சென்று கல்கத்தாவை அடைந்தது. அங்கே அவருடைய குழந்தை நோயுற்று இறந்தது. நோய் தீர்க்கும் கலையைக் கற்ற தந்தையின் கைகளிலிருந்தே அக்குழந்தை நழுவிற்று. இலங்கையின் கரையை அவர்கள் இன்னும் காணவில்லை. செய்ய வந்த பணியில் ஒரு நாளேனும் கழியவில்லை.

அந்த இரவில் அப்பெற்றோர் என்ன எண்ணினரோ! ‘நாம் கேட்டது மெய்யாகவே கடவுளின் குரல்தானா?’ என்னும் ஐயம் எந்த மனிதர்க்கும் எழக்கூடியதே. விசுவாசம் என்பது ஐயமே தோன்றாத நிலையன்று. கண்ணீரோடும் அடுத்த அடியை எடுத்து வைப்பதே விசுவாசம். அவர்கள் திரும்பிச் செல்லவில்லை. அவ்வாண்டின் இறுதியில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர்.

1820இல் குருத்துவ அபிஷேகம் பெற்ற ஸ்கடர், பண்டத்தரிப்பிலே தங்கி, வைத்தியமும் ஊழியமும் நடத்தினார். தமிழ் கற்றார். நோயாளர் அவரைத் தேடி வந்தனர். நியூயோர்க்கில் அவர் விட்டுவந்தது தொழிலின் வருவாயையே, தொழிலையன்று. அவர் கற்ற கலை வீணாகவில்லை. அதனை எங்கே, எவருக்காகச் செலவிடுவது என்பதே மாறிற்று. அவர் தொடங்கிய வழியிலே பின்னர் 1847இல் வந்த வைத்தியர் கிறீன், மானிப்பாயில் நம்மவரைத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் பயிலச் செய்ததை நம் மாணவர்கள் அறிவர்.

இங்கே ஒன்றையும் மறையாது சொல்லுதல் வேண்டும். கீழைநாட்டவர் அனைவரும் இருளில் மூழ்கியிருந்தனர் என்று அக்கால மிஷனரிமார் எண்ணியதும் எழுதியதும் உண்டு. சைவமும் தமிழும் தழைத்த மண் அதனை ஒப்பவில்லை; நாவலர் பெருமானின் எழுத்தும் அச்சுக்கூடமும் அதற்கு மறுமொழியாயின. ஸ்கடரும் தம் காலத்தின் மனிதரே. ஆயினும் ஒருவருடைய கருத்தோடு மாறுபடுவோரும் அவருடைய தியாகத்தை மதிக்கலாம், அதுவே பண்பு.

பலன் யாருக்கு?

1836இல் ஸ்கடர் சென்னைக்கு மாற்றம் பெற்றார். அமெரிக்க மிஷனுக்கு அங்கே ஓர் அச்சுக்கூடம் வாய்த்தது. வின்ஸ்லோ ஐயரின் பெரிய தமிழ் ஆங்கில அகராதி 1862இல் அந்த மிஷன் அச்சுக்கூடத்திலேதான் வெளிவந்தது. ஸ்கடரோ ஊர் ஊராகச் சென்று சிறு நூல்களை மக்கள் கையிற் கொடுத்தார். மேசைமீது கிடந்த ஒரு நூலினால் வழி மாறியவர், எந்த நூல் எவர் கைக்கு எப்போது சேருமென எவரறிவார் என்று எண்ணியிருப்பார் போலும்.

காய்ச்சலும் பயணக் களைப்பும் அவருடைய உடலை நலிவித்தன. 1849இல் ஹரியற் அம்மையார் சென்னையிற் காலமானார். 1855இல், உடல்நலம் தேடிச் சென்ற தென்னாபிரிக்காவிலே ஸ்கடரும் கண்மூடினார். அவருடைய மைந்தர் எழுவர் இந்தியாவில் மிஷனரிமாராயினர்.

பேத்தி ஐடாவோ அவ்வழியை வேண்டாமென்றிருந்தார். தாயாரின் நோயை முன்னிட்டு அமெரிக்காவிலிருந்து 1890இல் தமிழ்நாடு வந்திருந்த அப்பெண்ணின் வாயிலை ஓரிரவில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து தட்டினர். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஆண் வைத்தியரை உள்ளே விட அவர்களுடைய வழக்கம் இடந்தரவில்லை. ஐடா வைத்தியம் அறியார். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா திரும்பிச் சென்று வைத்தியம் கற்று, 1900இல் வேலூர் வந்தார். 1918இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியை அங்கே தொடங்கினார். நம் நாட்டவர் பலர் இன்றும் சிகிச்சைக்காக நாடிச் செல்லும் வேலூர் வைத்தியசாலை அவ்வாறு வளர்ந்ததே. பாட்டனாரை அழைத்தது ஒரு நூல். பேத்தியை அழைத்தது ஒரு கதவின் ஓசை.

தொழில் மாற எண்ணும் இளைஞரே, வெறும் சலிப்பினால் மேலதிகாரியோடு பிணங்கி வேலையை எறிவது வேறு. ஒரு தேவை உம்மைப் பெயர் சொல்லி அழைக்கக் கேட்பது வேறு. அவ்வேறுபாட்டை அறிய நாள் எடுத்துக்கொள்ளும். தனித்திருந்து வேதத்தைப் படியும், வேண்டுதல் செய்யும், வீட்டாரோடு பேசும், கையிலுள்ள கலை எங்கே பயன்படும் என்று பாரும். பெற்றோரே, பிள்ளை சொல்வதை முதலில் முழுவதும் கேளுங்கள். அதன்பின் அச்சத்தைச் சொல்லுங்கள்.

முடிவு வரை வழி காட்டப்படவேண்டும் என்று நாம் விரும்புகின்றோம். இரவில் கைவிளக்கு ஏந்தி ஒழுங்கையில் நடப்பவனுக்கு இரண்டடித் தூரமே வெளிச்சம் தெரிகின்றது. அந்த இரண்டடியை அவன் நடந்தால், அடுத்த இரண்டடியும் தெரிகின்றது. வீடு போய்ச் சேர அதுவே போதுமானது.