சேப்பாக்கம் டிக்கெட்டும் இரும்புச் சக்கரமும்

சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் ஐபிஎல் போட்டி நடக்கும் நாளில், மேட்ச் டிக்கெட்டைக் காட்டியே மெட்ரோ ரயிலில் இலவசமாகப் போய்வரலாம் என்ற ஏற்பாடு கடந்த சில ஆண்டுகளில் வந்தது. ரயிலில் போனால் புகை குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் குறைகிறது என்பதற்கான விடை சக்கரத்துக்கு அடியில் இருக்கிறது.

இலவம்பஞ்சு மெத்தைமேல் நடந்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒவ்வோர் அடியிலும் கால் புதைகிறது. புதைந்த குழியிலிருந்து ஏறித்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். காரில் இந்த மெத்தை டயரிலேயே இருக்கிறது. தரையில் படும் இடத்தில் ரப்பர் நசுங்கி, விலகும்போது நிமிர்கிறது. ஆனால் ஆள் எழுந்த பிறகும் படுத்த தடம் மெத்தையில் கொஞ்ச நேரம் இருப்பதுபோல, ரப்பரும் உடனே நிமிர்வதில்லை. அதனால் டயரின் முன்விளிம்பு எதிர்த்துத் தள்ளும் அளவுக்குப் பின்விளிம்பு உந்திக் கொடுப்பதில்லை. அந்த வித்தியாசம் முழுவதும் சூடாகிப் போகிறது. நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியின் டயரைத் தொட்டால் கையில் உறைப்பது அதுதான். கொஞ்சம் பெட்ரோல் அங்கே எரிந்திருக்கிறது.

இரும்புச் சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடம் ஒரு சின்ன நாணயத்தின் அளவுதான். நசுங்குவது மிகக் கொஞ்சம். நசுங்கியதும் அநேகமாக முழுசாகத் திரும்பிவிடுகிறது. ஆயிரம் கிலோ எடையுள்ள காரைச் சமதளத்தில் ஒரே வேகத்தில் உருட்ட, காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்குமளவு விசை வேண்டும். அதே எடைக்குத் தண்டவாளத்தில் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கும் விசை போதும்.

  

காலி ரயில் ஓடினால் இந்த லாபமெல்லாம் அதன் சொந்த எடையை இழுப்பதிலேயே கரைந்துவிடும். மின்சாரத்திலும் நிலக்கரியின் பங்கு இருக்கிறது. ஆகவே பெட்டி நிறைய ஆள் ஏறுவதுதான் முக்கியம். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குக் கிளம்பும் மேட்ச் நாளைவிட அதற்குத் தோதான நாள் ஏது?

போட்டிகளைப் பசுமையாக நடத்துகிறோம் என்ற வெறும் முழக்கங்களை நம்ப வேண்டியதில்லை. 2022 கத்தார் உலகக் கோப்பையைக் கார்பன் சமநிலைப் போட்டி என்று ஃபிஃபா விளம்பரம் செய்தது. ஃபிஃபாவின் சொந்த மதிப்பீட்டின்படியே உமிழ்வில் பாதிக்குமேல் பயணத்தால் வந்தது. அந்த விளம்பரம் தவறான எண்ணத்தை உண்டாக்குகிறது என்று சுவிட்சர்லாந்தின் விளம்பர நெறிக் குழு 2023இல் சொல்லிவிட்டது. செடி நட்டுக் கணக்கை நேர்செய்வதைவிட, 2024 யூரோ கால்பந்தில் ஜெர்மனி செய்ததே உருப்படியான வேலை: மேட்ச் டிக்கெட்டோடு 36 மணி நேரத்துக்கு உள்ளூர்ப் போக்குவரத்தும் சேர்ந்தே வந்தது.

சேப்பாக்கத்தில் 1995 முதல் மைதானத்தை ஒட்டியே பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது. மெட்ரோவில் வருபவர்கள் அரசினர் தோட்டத்தில் இறங்கி வாலாஜா சாலையில் நடக்கிறார்கள். மூன்றரை மணி நேரம் நாற்காலியில் உட்காரப்போகும் உடம்புக்கு அந்த நடை நல்லது.

திண்டுக்கல் நத்தத்திலும் திருநெல்வேலியிலும் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) ஆட்டங்கள் நடக்கின்றன. அங்கே மெட்ரோ கிடையாது, பேருந்து உண்டு. அந்த ஆட்டங்களின் டிக்கெட்டிலும் பேருந்துக் கட்டணத்தைச் சேர்த்து அச்சடிக்க வேண்டும். ஆட்டம் முடிந்து கூட்டம் வெளியே வரும்போது வாசலில் பேருந்துகள் தயாராக நிற்க வேண்டும்.