பெயின்ட் வீணாவதைக் காட்டும் கம்ப்யூட்டர்

விண்டோஸில் உள்ள பெயின்ட் புரோகிராமைத் திறந்து, ஏர்பிரஷ்ஷைத் தேர்ந்தெடுங்கள். மவுஸை அழுத்தியபடி நகர்த்தினால் புள்ளி புள்ளியாக நிறம் விழும். எவ்வளவு தெளித்தாலும் காசு செலவில்லை.

கார், பீரோ, இயந்திர பாகங்களுக்கு வண்ணம் பூசும் பட்டறைகளில் கதையே வேறு. சாதாரண ஸ்பிரே கன்னிலிருந்து வெளியேறும் பெயின்ட்டில் பல நேரங்களில் பாதிகூடப் பொருளின் மீது ஒட்டுவதில்லை. மீதி புகைபோலப் பறந்து தரையிலும் பில்டரிலும் படிகிறது. பண நஷ்டம் மட்டுமல்ல. கார்களுக்கு அடிக்கும் டூ பேக் பெயின்ட்டின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட், சுவாசிப்பவருக்கு ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது.

இதைக் குறைக்க, குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்றைச் செலுத்தும் எச்.வி.எல்.பி. கன்கள் உள்ளன. இவற்றின் முனையில் காற்றழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாது. பெயின்ட் துளிகளுக்கு மின்னேற்றம் கொடுத்து, பொருளை நோக்கி ஈர்க்கும் எலக்ட்ரோஸ்டேடிக் முறையும் உண்டு. ஆனால் எந்தக் கன்னாக இருந்தாலும், பிடிக்கும் கை சரியில்லை என்றால் பயன் குறைவுதான். எச்.வி.எல்.பி. கன்னைப் பொருளிலிருந்து 6 முதல் 8 அங்குல தூரத்தில், நேராகப் பிடிக்க வேண்டும். விசிறி வீசுவதுபோல் கையை வளைத்தால், ஓரங்களில் தூரம் அதிகமாகி பெயின்ட் காற்றோடு போய்விடும்.

பெயின்டருக்குத் தன் தவறு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைக் காட்டத்தான் கம்ப்யூட்டர் உதவுகிறது. அமெரிக்காவின் வடக்கு அயோவா பல்கலைக்கழகத்தில் உள்ள அயோவா கழிவுக் குறைப்பு மையம், பெயின்டர்களுக்கு 1990களிலிருந்தே பயிற்சி தந்தது. கன்னில் லேசர் பொருத்தி, இரண்டு ஒளிப்புள்ளிகள் ஒன்றாகச் சேரும் இடமே சரியான தூரம் என்று காட்டினார்கள். அடுத்து 'விர்ச்சுவல் பெயின்ட்' என்ற சாப்ட்வேரை உருவாக்கினார்கள். இதில் கன் உண்டு, பெயின்ட் கிடையாது! கன் நகரும் விதத்தைக் கம்ப்யூட்டர் கண்காணித்து, திரையில் பொருளுக்கு வண்ணம் பூசுகிறது. எவ்வளவு ஒட்டியது, எவ்வளவு வீணானது என்ற கணக்கும் கிடைக்கும். ஒரு சொட்டுகூடச் செலவில்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் பழகலாம்.

ஒரு சாப்ட்வேர் எஞ்சினியராக எனக்குப் பிடித்தது இந்தக் கணக்குதான். பட்டறை வைத்திருப்பவர்கள் இதை எக்ஸெல்லிலேயே போடலாம். முதல் கட்டத்தில் செலவான பெயின்ட்டின் எடையை டைப் செய்யுங்கள். உதாரணமாக 1,000 கிராம். அடுத்ததில், காய்ந்தபின் மிஞ்சும் திடப்பொருளின் விகிதம். டப்பாவுடன் வரும் விவரத்தாளில் எடைக்கணக்கில் இருக்கும். 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதில், பெயின்ட் காய்ந்தபின் பொருளின் எடை எவ்வளவு கூடியது என்பதை இடுங்கள். 200 கிராம் என்றால், முதல் இரண்டையும் பெருக்கி வரும் 500ஆல் இதை வகுக்கும் பார்முலாவை நான்காவது கட்டத்தில் அமையுங்கள். விடை 40 சதவீதம். அதாவது 60 சதவீதம் வீண்!

இதுவே பயிற்சியால் 60 சதவீதமாக உயர்ந்தால், அதே வேலைக்கு 1,000 கிராமுக்குப் பதில் சுமார் 667 கிராம் போதும். மூன்றில் ஒரு பங்கு மிச்சம். வாரம் ஒருமுறை எடை பார்த்துப் பதிவு செய்து வாருங்கள். எண்ணிக்கை உயர்கிறதா என்பதை எக்ஸெல் சார்ட்டே காட்டிவிடும்.