புதிய செயற்கைப் போதைப்பொருள்கள்: பெயர் தெரியாத நஞ்சு

தோட்டங்களில் வாழும் நம் மக்கள் போதையினால் விளையும் கேட்டினை அறியாதவர்கள் அல்லர். கள்ளுக்கடை வாசலில் கரைந்துபோன சம்பளமும், சம்சு குடித்துச் சீர்குலைந்த குடும்பங்களும் நம் முன்னோர் கண்ட துயரங்கள். கஞ்சா, அபின், ஹெராயின் என்னும் பெயர்களைக் கேட்ட அளவிலேயே பெற்றோர் அஞ்சுவர். ஆனால், அண்மைய ஆண்டுகளில் வேறொரு வகைப் போதைப்பொருள் இளைஞர்களின் கைக்கு எட்டி வருகின்றது. அதற்கு நிலையான பெயர் கிடையாது. நிலையான உருவமும் கிடையாது. பழ மணம் கலந்த வேப் திரவமாகவும், உலர்ந்த மூலிகைத் தூளாகவும், வண்ண மாத்திரையாகவும், வெந்நீரில் கலக்கும் பானப் பொட்டலமாகவும் அது வருகின்றது.

இத்தகைய புதிய செயற்கைப் போதைப்பொருள்களைப் பற்றி ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய அடிப்படை உண்மை ஒன்று உண்டு. அவற்றில் என்ன இருக்கின்றது, எவ்வளவு இருக்கின்றது என்பதை வாங்குபவர் அறியார், விற்பவரும் அறியார். ஆபத்து நேர்ந்தபின் உயிரைக் காக்க முயலும் மருத்துவராலும் அதனை உடனே அறிந்துகொள்ள இயலாது.

எங்கிருந்து வந்தன?

அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஜான் ஹஃப்மன், கஞ்சா மூளையில் எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை ஆராய்வதற்காகப் பல வேதிப்பொருள்களை உருவாக்கினார். ஜே.டபிள்யூ.எச்.-018 என்பது அவற்றுள் ஒன்று. ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வருவதற்காக அது உருவாக்கப்படவில்லை. எனினும், 2008ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியில், ‘ஸ்பைஸ்’ என்னும் பெயரில் நறுமணப் பொருள் என்று விற்கப்பட்ட மூலிகைப் பொட்டலங்களைச் சோதித்தபோது, இலைகளின்மேல் இதே வேதிப்பொருள் தெளிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது.

அரசாங்கங்கள் அதனைத் தடை செய்தன. பூட்டு மாற்றப்பட்டதும் சாவியைச் சற்றே தேய்த்துக்கொள்ளும் திருடனைப் போல, கள்ளத்தனமாகத் தயாரிப்போர் அதன் அமைப்பில் ஒரு சிறு பகுதியை மட்டும் மாற்றிப் புதிய பொருளை உருவாக்கினர். அதுவும் தடை செய்யப்பட்டதும் மற்றொன்று வந்தது. இவ்வாறு தோன்றிய புதிய போதைப்பொருள்களாக ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் போதைப்பொருள் குற்றத் தடுப்பு அலுவலகத்திற்கு இதுவரை அறிவிக்கப்பட்டவை 1,200க்கும் அதிகம். அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றை மருத்துவ உலகம் முறையாக ஆராய்ந்ததில்லை.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

நம் மூளையின் உயிரணுக்களில், சில பொருள்கள் வந்து பொருந்துவதற்கான இடங்கள் உள்ளன. கஞ்சாவிலுள்ள இயற்கைப் பொருள் அவ்விடங்களை ஓரளவிற்கே தூண்டும். செயற்கைக் கஞ்சாப் பொருள்களுட் பல அவற்றை முழு அளவிற்குத் தூண்டிவிடுகின்றன. விளக்கின் திரியைப் பாதியளவு ஏற்றுவதற்கும், முழுவதும் ஏற்றிக் கண்ணாடியை வெடிக்கச் செய்வதற்கும் உள்ள வேறுபாடு இது. இதயம் தாறுமாறாகத் துடித்தல், ஓயாத வாந்தி, வலிப்பு, இல்லாதவற்றைக் கண்டு அஞ்சுதல், நினைவு இழத்தல் ஆகியன இதனால் விளையும். 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 6 மாநிலங்களில், செயற்கைக் கஞ்சாவைப் புகைத்த 16 பேருக்குச் சிறுநீரகங்கள் திடீரெனப் பழுதுபட்டன.

அளவைப் பற்றியும் இங்குக் கூற வேண்டும். தோட்டத்தில் களைக்கொல்லி தெளிப்பவர்கள் ஒன்றை நன்கு அறிவர். மருந்து சீராகக் கலக்கப்படாவிட்டால் ஓரிடத்துப் புல் கருகிப்போகும். அடுத்த இடத்துப் புல் பச்சையாகவே நிற்கும். இலைகளின்மேல் இப்போதைப்பொருளைத் தெளிப்பவர்களிடம் அளவுகோலும் இல்லை, பொறுப்பும் இல்லை. ஆதலால், ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்துப் புகைத்த இருவருள் ஒருவர் எழுந்து நடப்பார்; மற்றவர் மயங்கி விழுவார். ‘நேற்றுப் புகைத்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்னும் சொல்லுக்கு இங்கே பொருளில்லை.

2016ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், இத்தகைய பொருளைப் புகைத்த 33 பேர் வெறித்த பார்வையுடன், உணர்வற்ற நிலையில் காணப்பட்டனர். அவர்களுள் 18 பேர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் உட்கொண்ட வேதிப்பொருள் கஞ்சாவின் இயற்கைப் பொருளைக் காட்டிலும் ஏறத்தாழ 85 மடங்கு வலிமை உடையது என்பது பின்னரே தெரியவந்தது.

கலப்பினால் வந்த கேடு

எலிகளை ஒழிக்கத் தோட்டங்களில் வைக்கப்படும் நச்சுக் கட்டிகளை நாம் பார்த்திருக்கிறோம். அவற்றுட் பல, இரத்தம் உறைவதைத் தடுத்து, உடலின் உள்ளேயே இரத்தம் கசியச் செய்து எலியைக் கொல்பவை. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் செயற்கைக் கஞ்சாவைப் புகைத்த 150க்கும் மேற்பட்டோருக்கு மூக்கிலும் ஈறுகளிலும் சிறுநீரிலும் இரத்தம் வடிந்தது. குறைந்தது நால்வர் மாண்டனர். அவர்கள் புகைத்த பொருளில் புரோடிஃபாகூம் என்னும் எலி நஞ்சு கலந்திருந்தது. உயிர் பிழைத்தவர்கள் பல வாரங்கள், சிலர் மாதக்கணக்கில், ‘வைட்டமின் கே’ உட்கொள்ள வேண்டியிருந்தது.

இதனினும் கொடிய நிகழ்ச்சி 1982ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் நடந்தது. ‘செயற்கை ஹெராயின்’ என்று நம்பி ஒரு பொருளை ஊசி மூலம் ஏற்றிக்கொண்ட சிலர், சில நாள்களுக்குள் கற்சிலைபோல் விறைத்துப் போயினர். கை கால்களை அசைக்கவோ, வாய் திறந்து பேசவோ அவர்களால் இயலவில்லை. முதியவர்களைப் பற்றும் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் இளம் வயதினரிடம் தோன்றியது கண்டு மருத்துவர்கள் திகைத்தனர். நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் அதன் காரணத்தைக் கண்டறிந்தார். தயாரிப்பில் நேர்ந்த பிழையால் எம்.பி.டி.பி. என்னும் நச்சுப்பொருள் அதில் உண்டாகியிருந்தது. உடல் அசைவை நெறிப்படுத்தும் மூளைப் பகுதியின் உயிரணுக்களை அது அழித்துவிட்டது. அழிந்த உயிரணுக்கள் மீண்டும் முளைக்கவில்லை. சில நாள் இன்பம் தேடியவர்கள் வாழ்நாள் முழுவதும் நோயாளிகளாயினர்.

மருத்துவமனை மருந்தென்றால் தீங்கில்லையா?

‘இது மருத்துவமனையில் பயன்படுத்தும் மருந்துதான்’ என்று கூறி விற்போரும் உளர். எட்டோமிடேட் என்பதனை எடுத்துக்கொள்வோம். அறுவைச் சிகிச்சைக்கு முன்னர் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்த மருத்துவர்கள் செலுத்தும் ஊசி மருந்து அது. 1983ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள், இம்மருந்தை நாள்கணக்கில் பெற்ற தீவிர சிகிச்சை நோயாளிகளிடையே மரணம் மிகுந்திருந்ததை வெளியிட்டனர். நோயையும் காயத்தையும் எதிர்த்து நிற்க உடலுக்கு இன்றியமையாத கார்ட்டிசால் சுரப்பை அது தடுத்துவிடுகின்றது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

மருத்துவர் கண்காணிப்பில், அளந்து கொடுக்கும்போதே இத்துணை எச்சரிக்கை வேண்டியிருக்கின்றது. அந்த மருந்தையே இன்று வேப் திரவத்தில் கலந்து விற்கின்றனர். அதனை இழுத்த இளைஞர்கள் தள்ளாடி விழுந்ததையும், உடல் நடுங்கியதையும் கண்ட சிங்கப்பூர் அரசு, 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட்டைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டிலும் காவல்துறையினர் கைப்பற்றிய வேப் திரவங்களில் செயற்கைப் போதைப்பொருள்கள் காணப்பட்டுள்ளன. 2024ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நடப்பிலுள்ள சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாதோருக்கு வேப் விற்பது குற்றமாகும். வீட்டில் பிள்ளைகள் கையில் வேப் கருவியைக் கண்டால், ‘வெறும் புகைதானே’ என்று பெற்றோர் வாளாவிருத்தல் ஆகாது.

ஆபத்து நேர்ந்தால்

ஒருவர் திடீரென்று உளறினாலோ, மார்பு படபடத்தாலோ, வலிப்புக் கண்டாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ, பின்வருமாறு செய்க:

1. உடனே 999 எண்ணை அழையுங்கள். தோட்டத்துக் கிளினிக் அருகில் இருந்தால் அங்கும் ஆளனுப்புங்கள். ‘தூங்கினால் தெளிந்துவிடும்’ என்று காத்திருக்க வேண்டா.

2. மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தால் மூச்சுக் குழலில் அடைக்காமல் இருக்க இது உதவும். தனியே விட்டு அகலாதீர்கள்.

3. மோர், எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல் ஆகிய எதனையும் புகட்டாதீர்கள். வாந்தி எடுக்கச் செய்ய முயலாதீர்கள். வலிப்பின்போது வாயில் கரண்டியையோ துணியையோ திணிக்காதீர்கள்.

4. எஞ்சிய பொட்டலம், மாத்திரை அல்லது வேப் கருவியை எறிந்துவிடாமல் மருத்துவரிடம் கொடுங்கள். உட்கொண்டது எது, எப்பொழுது என்பதை மறைக்காமல் கூறுங்கள். வழக்கமான சிறுநீர்ச் சோதனை இப்புதிய பொருள்கள் பலவற்றைக் காட்டுவதில்லை. ஆகவே, நண்பர்கள் உரைக்கும் உண்மையே மருத்துவருக்கு முதல் துணையாகும்.

மானத்திற்கு அஞ்சியும் காவல்துறைக்கு அஞ்சியும் நண்பர்கள் ஓடிவிடுவதால்தான் உயிர்கள் போகின்றன. போன மானம் ஒரு நாள் திரும்பும். போன உயிர் திரும்பாது.

மீள வழியுண்டு

1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் கடுமையானது என்பதை யாவரும் அறிவர். அதே வேளையில், பழக்கத்திற்கு ஆளானவர் தாமாகவே முன்வந்து சிகிச்சை கோருவதற்கு 1983ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்துள்ளது. தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகங்களை அணுகலாம். அரசாங்க மருத்துவமனைகளிலும் ஆலோசனை கிடைக்கும். பிள்ளையை அடித்து விரட்டுவதால் பழக்கம் விடாது. விற்பவரின் கைக்குத்தான் அவன் மீண்டும் போய்ச் சேருவான். அவனை அழைத்துக்கொண்டு பெற்றோரே முதல் நாள் உடன் செல்லுதல் நன்று.

தோட்டத்துப் பண்டகசாலையில், பெயர்ச் சீட்டு இல்லாத தகரம் ஒன்று கிடந்தால் அதிலுள்ளதை எவரும் தொடமாட்டார். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட்டைக்கூட அளவு பார்த்தே ஊற்றுகிறோம். மரத்திற்கும் பாலுக்கும் நாம் காட்டும் இந்த எச்சரிக்கையை, நம் பிள்ளைகளின் உடலுக்கும் காட்டுவோமாக. இன்றிரவே அவர்களை அருகில் அமர்த்தி, இக்கட்டுரையில் கண்டவற்றைப் பொறுமையுடன் எடுத்துரையுங்கள். அவர்கள் கூறுவதையும் செவிமடுங்கள்.