கணினித் திரையமைப்பு மீளல்

கணினித் திரையமைப்பு மீளல் என்பது, பயனர் ஒருவர் தமது கணினித் திரைக்குத் தேர்ந்தெடுத்த பிரிதிறன், புதுப்பிப்பு வீதம், எழுத்தளவு, நிறம், திரைகளின் வரிசை முதலிய அமைப்புகள், அவர் மாற்றாமலேயே பழைய நிலைக்கோ இயல்பிருப்பு நிலைக்கோ திரும்பிவிடுவதைக் குறிக்கும். அலுவலகக் கணினிகளில் இது அடிக்கடி காணப்படுகிறது. இதனைப் பழுது எனக் கருதித் திரையை மாற்றுவதும், இயக்குதளத்தை மீண்டும் நிறுவுவதும் உண்டு. பெரும்பாலும் இவ்விரண்டும் தேவைப்படுவதில்லை. அமைப்பு எங்கே சேமிக்கப்படுகிறது, எந்த நேரத்தில் இழக்கப்படுகிறது ஆகிய இரண்டையும் அறிந்தால் காரணத்தைக் கண்டறியலாம்.

முக்கியத்துவம்

திரையமைப்பு மாறினாலும் கணினியில் உள்ள கோப்பு மாறுவதில்லை; அதனைப் பார்ப்பவருக்குத் தெரிவது மட்டுமே மாறுகிறது. படத்தைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்கும் பணிகளில் இவ்வேறுபாடு பெரிதாகும்.

பழனி மலையில் அமைந்துள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் படங்களை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1901 முதல் சூரியனை நோக்கிவரும் இவ்வாய்வகம், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. இங்கு 1904 முதல் 2007 வரை எடுக்கப்பட்ட கால்சியம்-கே நிறமாலைக் கோட்டுப் படங்கள் ஒளிப்படத் தகடுகளிலும் படச்சுருள்களிலும் பதிவாகியிருந்தன. அவை பின்னர் 4096 × 4096 படப்புள்ளிகள் கொண்ட, 16 பிட்டு எண்ணிமப் படங்களாக மாற்றப்பட்டன.

இத்தகைய படம் ஒன்றில் சுமார் 1.68 கோடி படப்புள்ளிகள் உள்ளன. 1920 × 1080 பிரிதிறன் கொண்ட திரையில், அளவு குறைக்காமல் பார்த்தால் படத்தின் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே தெரியும். திரை 1024 × 768 அளவிற்கு மீண்டுவிட்டால் இருபத்தொன்றில் ஒரு பங்கே தெரியும். மேலும் 16 பிட்டுப் படத்தில் 65,536 ஒளிர்வு நிலைகள் இருக்கலாம். வழமையான 8 பிட்டுத் திரை 256 சாம்பல் நிலைகளையே காட்டும். எனவே திரையின் காமா அளவோ நிற அமைப்போ மாறினால், மங்கலான பகுதியின் எல்லை வேறிடத்தில் இருப்பதுபோல் தோன்றும். காலையில் ஓர் அமைப்பிலும் மாலையில் வேறோர் அமைப்பிலும் பார்த்துக் குறிக்கப்பட்ட எல்லைகளை ஒப்பிட இயலாது. ஊடுகதிர்ப் படம், நிலவரைபடம், அச்சுப் பக்கம் ஆகியவற்றைக் கையாள்வோருக்கும் இது பொருந்தும்.

கணினி திரையை அடையாளங்காணும் முறை

ஒவ்வொரு திரையிலும் அதன் அடையாளத்தைத் தாங்கிய சிறு நினைவகம் உள்ளது. இதில் உள்ள தரவு ஈ.டி.ஐ.டி. எனப்படுகிறது. வெசா எனும் தரநிலை அமைப்பு இதனை 1994இல் வெளியிட்டது. இதன் அடிப்படைப் பகுதி 128 பைட்டுகள் கொண்டது. உற்பத்தியாளரைக் குறிக்கும் மூன்று எழுத்துகள், மாதிரி எண், தொடரெண், உற்பத்தி ஆண்டு, திரையின் நீள அகலம், காமா அளவு, ஏற்கும் பிரிதிறன்கள் முதலியன இதில் அடங்கும்.

கணினி இத்தரவைப் படம் செல்லும் அதே வடத்தின் வழியாக, ஆனால் வேறு கம்பிகளில் படிக்கிறது. ஆகவே அக்கம்பிகளுள் ஒன்று மட்டும் அறுந்தாலும் படம் தெளிவாகத் தெரியக்கூடும்; திரையின் அடையாளம் மட்டும் கணினிக்குக் கிடைக்காது. அப்போது இயக்குதளம் அதனைப் பெயரறியாத பொதுத் திரையாகக் கருதி, 1024 × 768 போன்ற பாதுகாப்பான அளவைத் தேர்ந்தெடுக்கும். "படம் நன்றாகத்தானே வருகிறது, வடத்தில் குறை இருக்காது" என்னும் முடிவு தவறாவது இதனாலேயே.

அமைப்புகள் சேமிக்கப்படும் இடங்கள்

திரையமைப்பு ஒரே இடத்தில் சேமிக்கப்படுவதில்லை.

* திரை: ஒளிர்வு, நிறமாறுபாடு ஆகியவை திரையிலேயே சேமிக்கப்படுகின்றன.
* இயக்குதளம்: விண்டோஸ், இணைக்கப்பட்ட திரைகளின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனித்தனி அமைப்பைப் பதிவகத்தில் வைத்திருக்கும். அடையாளம் மாறினால் அதனைப் புதிய திரையாகவே கொள்ளும். லினக்ஸில் குனோம் பணிச்சூழல் இதனைப் பயனரின் அடைவில் ஒரு கோப்பாக எழுதும். அக்கோப்பின் உரிமை வேறு பயனரிடம் இருந்தால் அமைப்பு நிலைக்காது. எக்ஸ்ரேண்டர் கட்டளை மூலம் செய்யும் மாற்றம் அந்த அமர்வு முடியும் வரையே நீடிக்கும்.
* சாதன இயக்கி: டிரைவர் எனப்படும் இம்மென்பொருளும் நிற அமைப்புகளைத் தனியாக வைத்துக்கொண்டு, இயக்குதளத்தின் அமைப்பை மேலெழுதக்கூடும்.
* நிர்வாகி: அலுவலக வலையமைப்பின் கொள்கைகளும், பள்ளி ஆய்வுக்கூடங்களில் நிறுவப்படும் மீட்பு மென்பொருள்களும் பயனர் செய்த மாற்றத்தை அழிக்கும். இது பழுதன்று.

ஒரே கணினியில் இரண்டு இயக்குதளங்கள் இருந்தால், ஒன்றில் செய்த அமைப்பு மற்றதற்குச் செல்லாது. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசும் பாஸ் லினக்ஸும் ஒருங்கே நிறுவப்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. அவற்றில் இவ்வேறுபாட்டைக் காணலாம்.

மீளும் நேரத்தைக் கொண்டு காரணம் அறிதல்

* மாற்றிய 15 வினாடிகளில் மீண்டால்: விண்டோஸ் கேட்கும் உறுதிப்படுத்தல் வினாவிற்கு விடையளிக்கப்படவில்லை.
* திரையை அணைத்து இயக்கும்போது மீண்டால்: திரை துண்டிக்கப்பட்டதாகக் கணினி கொள்கிறது. டிஸ்ப்ளே போர்ட் இணைப்பில் இது மிகுதி.
* உள்நுழையும்போது மீண்டால்: வலையமைப்புக் கொள்கை, தொடக்க நிரல் அல்லது பயனர் கோப்பின் உரிமை.
* ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் மீண்டால்: மீட்பு மென்பொருள், அடையாளம் படிக்கப்படாமை அல்லது சாதன இயக்கி ஏற்றப்படாமை.
* இயக்குதளப் புதுப்பிப்பிற்குப் பின் மீண்டால்: சாதன இயக்கி மாற்றப்பட்டிருக்கலாம்.
* கணினியின் தேதியும் நேரமும் சேர்ந்து மாறினால்: தாய்ப்பலகையின் 3 வோல்ட்டு மின்கலம் தீர்ந்திருக்கலாம்.
* தொலைநிலை மேசை வழியாக இணைந்தபின் மீண்டால்: பிரிதிறனைத் தீர்மானிப்பது தொலைவில் உள்ள கணினியின் திரையே.

மலைப்பகுதிகளில்

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ளது. இங்கு மின்கம்பிகள் மரங்களடர்ந்த சரிவுகளின் வழியே செல்வதால், காற்றிலும் மழையிலும் மரம் விழுந்து மின்சாரம் தடைபடுவதுண்டு. 2018 நவம்பரில் வீசிய கசா புயலின்போது இப்பகுதியில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன.

மின்சாரம் திரும்பும்போது கணினி தானாக இயங்கத் தொடங்கி, திரை அணைந்தே இருக்கலாம். ஈ.டி.ஐ.டி. நினைவகத்திற்குத் தேவையான 5 வோல்ட்டு மின்சாரத்தைக் கணினியே வடத்தின் வழியாக அளிப்பதால், பல திரைகள் அணைந்த நிலையிலும் விடையளிக்கும், சில விடையளிப்பதில்லை. இடையில் பங்கிடு கருவியோ கே.வி.எம். மாற்றியோ இருந்தால் அதுவும் அடையாளத்தை மறைக்கக்கூடும். இடிமின்னலால் ஏற்படும் மின்னெழுச்சி, படத்தைப் பாதிக்காமல் அடையாளக் கம்பிகளின் சுற்றை மட்டும் பழுதாக்கலாம். மூடுபனிக்கால ஈரப்பதத்தால் இணைப்பு ஊசிகளில் துரு ஏறுவதும் உண்டு.

பழுதுபார்க்க மதுரைக்கு எடுத்துச் செல்வதாயின் 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். எனவே கீழுள்ள சோதனைகளை முதலில் செய்வது நன்று.

சரிசெய்யும் முறை

1. இரண்டு மூன்று நாட்கள், அமைப்பு மீளும் நேரத்தையும் அதற்கு முன் நிகழ்ந்ததையும் எழுதிவைக்க வேண்டும்.
2. அமைப்பு மீண்டிருக்கும்போதே, காட்சி அமைப்புகளில் திரையின் மாதிரிப் பெயர் தெரிகிறதா எனப் பார்க்க வேண்டும். தெரியாவிடில் மென்பொருளைத் தொடாமல் வடத்தை மாற்றிப் பார்க்கலாம்.
3. கே.வி.எம். மாற்றியை நீக்கி, திரையை நேரடியாக இணைக்க வேண்டும்.
4. அதே திரையை வேறு கணினியில் இணைக்க வேண்டும். அங்கும் பெயர் தெரியாவிட்டால் குறை திரையில் உள்ளது.
5. பெயர் தெரிந்தும் அமைப்பு மீண்டால், சாதன இயக்கியை அதன் உற்பத்தியாளரிடமிருந்து பெற்று நிறுவ வேண்டும்.
6. வேறொரு பயனர் கணக்கில் அமைப்பு நிலைத்தால், குறை முதல் கணக்கிற்கு உரியது. எல்லாக் கணக்குகளிலும் உள்நுழையும்போது மீண்டால் நிர்வாகியை அணுக வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். வடத்தையும் சாதன இயக்கியையும் ஒருங்கே மாற்றினால் சிக்கல் தீரக்கூடும். ஆனால் எதனால் தீர்ந்தது என்பது தெரியாமற் போய், அடுத்த முறையும் முதலிலிருந்தே தொடங்க நேரிடும்.

இவற்றையும் பார்க்க

* படப்புள்ளி
* சாதன இயக்கி
* கொடைக்கானல் சூரிய ஆய்வகம்