மறையுரைக்கு ஓர் உவமை



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களிற் சிலருக்கு வியப்பைத் தரலாம். இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் படிப்பிக்கின்ற பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன் ஒருவனுக்கும் கத்தோலிக்கத் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் நிகழும் மறையுரைக்கும் என்ன தொடர்பு என நீங்கள் கேட்கக்கூடும். உவமையினால் வந்த தொடர்பு அது.

2022ஆம் ஆண்டு மாசி மாதத்தில், எங்கள் ஊர்க் கரையோரத் தேவாலயத்துக்குப் புதிதாக வந்திருந்த இளம் பங்குத்தந்தை ஒருநாள் மாலை என் வீட்டுக்கு வந்தார். கோயிலிலே கந்தபுராணப் படிப்பில் நான் பயன் சொல்வதை யாரோ அவருக்குக் கூறியிருக்கிறார்கள். அவரது கையில் தடித்த ஆங்கில நூலொன்று இருந்தது. மறையுரையாளர் எடுத்தாளத்தக்க குட்டிக் கதைகளின் தொகுதி அது.

"சேர், இதிலை எல்லாம் இருக்கு. எங்கடை சனத்துக்குச் சொல்லத்தான் ஒண்டும் இல்லை" என்றார்.

புரட்டிப் பார்த்தேன். பனிப்புயலில் அகப்பட்ட புகையிரதம், சிறுவயதில் உண்மை பேசிய அமெரிக்க சனாதிபதி, ஊரும் பேருமில்லாத பணக்காரர் ஒருவர் என்று கதைகள் போயின. பல கதைகள் நடந்தவைபோலச் சொல்லப்பட்டிருந்தன. எங்கே நடந்தது, எவர் சொன்னார் என்பதற்கு ஒரு குறிப்புமில்லை. வெண்டைக்காயை உப்பில்லாமல் அவித்ததுபோல இருந்தது எனக்கு.

பிற சமயத்தவரான நேயர்களுக்காக ஒரு விளக்கம் கூறவேண்டும். கத்தோலிக்கக் குருவானவர் தமக்கு விருப்பமான விவிலியப் பகுதியை எடுத்துப் பேசுவதில்லை. ஒவ்வொரு ஞாயிறுக்கும் வாசகங்கள் முன்கூட்டியே வகுக்கப்பட்டுள்ளன. 1969ஆம் ஆண்டின் திருவருகைக்காலம் தொடக்கம் இது மூன்றாண்டுச் சுற்றாக நடைபெறுகிறது. முதலாண்டு மத்தேயு, இரண்டாமாண்டு மாற்கு, மூன்றாமாண்டு லூக்கா. யோவான் நற்செய்தி பெரும்பாலும் தவக்காலத்திலும் பாஸ்காக் காலத்திலும் இடம்பெறும். ஆகவே மூன்றாண்டுக்கு ஒருமுறை அதே வாசகம் அதே ஞாயிறன்று திரும்பி வரும். கேட்பவர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். புராணத்துக்குப் பயன் சொல்பவனுக்கும் இதே இக்கட்டுத்தான் உண்டு. சூரபன்மன் ஆண்டுதோறும் வருவான். சொல்பவனுக்குப் புதிதாக ஏதாவது வேண்டும்.

"தமிழிலக்கியத்திலிருந்து எடுத்துக் கோயிலிலை சொல்லலாமோ?" என்று அவர் சற்றுத் தயங்கிக் கேட்டார். அதற்கு நான் அவருடைய நூலிலிருந்தே விடை சொன்னேன். புனித பவுல் ஏதென்ஸ் நகரத்து அரயோப்பாகு மன்றிலே பேசியபோது யூத மறைநூலை எடுத்துக்காட்டவில்லை. கேட்டிருந்தவர்கள் அதனை அறியாதவர்கள். அவர் கிரேக்கப் புலவர்களின் பக்கம் திரும்பி, மனிதர் கடவுளின் பிள்ளைகள் என்ற கருத்தை அவர்கள் வாய்மொழியாகவே எடுத்துரைத்தார். அக்கருத்து அராற்றஸ் என்னும் புலவரின், விண்மீன்களையும் காலநிலைக் குறிகளையும் பாடும் நூலிலே சூயஸ் தெய்வத்தைக் குறித்துச் சொல்லப்பட்டது. அராற்றஸ் பவுலுக்குச் சுமார் முந்நூறு ஆண்டுகள் முற்பட்டவர். பவுலைப்போலவே சிலிசியா நாட்டில் பிறந்தவர். பிறர் தெய்வத்தைப் பாடிய ஊர்க்காரப் புலவரைத் தம் மறையுரைக்குத் துணையாக அழைத்திருக்கிறார் பவுல். அப்படியிருக்க, வெற்றிவேற்கையை எடுப்பதற்கு எங்கள் பங்குத்தந்தை ஏன் தயங்கவேண்டும்?

கொடுக்கல் வாங்கல் எங்கள் மண்ணிலும் புதிதல்ல. பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், கிறிஸ்தவரின் பிரசங்க முறையை நன்கு கண்டறிந்து, 1847 டிசம்பர் 31ஆந் திகதி வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன்கோயில் வசந்த மண்டபத்திலே சைவப் பிரசங்கத்தைத் தொடக்கிவைத்தார். அங்கிருந்து இங்கு வடிவம் வந்ததென்றால் இங்கிருந்து அங்கு உவமை போகலாம்தானே என்றேன். பாதர் சிரித்தார்.

அவ்வாண்டுத் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறுக்குரிய வாசகம் லூக்கா 15ஆம் அதிகாரத்து ஊதாரி மைந்தன் கதை. அதற்கு உவமை தேடியே அவர் வந்திருந்தார். நான் உற்சாகமாகிவிட்டேன். தந்தை மகனைத் தூரத்திலேயே கண்டார் என்கிறது கதை. எங்கள் ஊரில் தூரத்தே வருபவனைக் காண்கின்ற இடம் எது? படலை. "படலையைப் பாத்துக்கொண்டு நிக்கிற தகப்பனைச் சொல்லுங்கோ, பாதர். ஒவ்வொரு பின்னேரமும் கிடுகுவேலியோரம் வந்து நிக்கிறார் எண்டு சொல்லுங்கோ. பாத்திருந்த கண்ணுக்கு ஒருநாள் பலன் கிடைக்கும் எண்டு முடியுங்கோ" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

அந்த ஞாயிறு அவரின் அழைப்பின்பேரில் நானும் போய்ப் பின்வாங்கிலே இருந்தேன். நன்றாகப் பேசினார். படலை என்ற சொல் வந்தவுடன் சனம் நிமிர்ந்திருந்தது. எனக்குப் பெருமை. திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா பாதரின் முன்னே நின்றார்.

"நல்லாத்தான் சொன்னீங்கள், பாதர். அந்தத் தகப்பன் குடுத்துவைச்சவன். அவன்ரை பிள்ளை வந்திட்டான். நான் பதின்மூண்டு வருசமாப் படலையைப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

2009 வைகாசியில் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறிய சனத்திரளுக்குள் அவருடைய மகன் காணாமற் போனவர். அவர் குரலை உயர்த்தவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். பாதர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

அன்றிரவு நான் லூக்காவை எடுத்து மீண்டும் வாசித்தேன், வெட்கமாக இருந்தது. தந்தை நாளும் பொழுதும் வழிபார்த்து நின்றார் என்று அங்கே ஓரிடத்திலும் இல்லை. தொலைவில் வந்தவனைக் கண்டார், ஓடினார் என்பதே உண்டு. நிற்பும் பின்னேரமும் வேலியோரமும் நான் சேர்த்தவை. காத்திருந்தால் பிள்ளை வரும் என்ற உறுதியும் நான் கொடுத்ததே. கதை அந்த உறுதியை எவருக்கும் தரவில்லை. இன்னொன்றையும் கவனியாமல் விட்டிருந்தேன். அன்றைய வாசகம் மகனிலிருந்து தொடங்குவதில்லை. பாவிகளோடு இயேசு உண்கிறாரே என்று பரிசேயரும் மறைநூல் அறிஞரும் முணுமுணுத்ததை முதல் வசனங்கள் சொல்கின்றன. அதன் பிறகே கதை வருகிறது. கதை யாருக்குச் சொல்லப்பட்டது என்பதை வாசகமே காட்டிவிடுகிறது. வீட்டுக்குள் வர மறுத்து நிற்கும் மூத்தமகனே அவர்கள். அந்த மூத்தவன் உள்ளே போனானா இல்லையா என்பதைச் சொல்லாமலே லூக்கா நிறுத்திவிடுகிறார். இத்தனையும் கண்முன்னே இருக்க, நான் ஓர் அழகான படலையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

விவிலியத்திலேயே உவமை சொல்லும் கலைக்கு நாத்தானை மிஞ்சியவர் இல்லை என்பது என் எண்ணம். உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவையும் போரில் மாளவைத்த தாவீது அரசனிடம் அவர் குற்றத்தை நேரே சொல்லவில்லை. ஏழை ஒருவன் பிள்ளைபோல வளர்த்த ஒரேயொரு ஆட்டுக்குட்டியைச் செல்வன் ஒருவன் பிடித்து விருந்தாக்கினான் என்றார். அரசன் கொதித்தான். அதன்பின்னரே, அந்த மனிதன் நீதான் என்று நாத்தான் காட்டினார். தாவீது இளமையில் ஆடு மேய்த்தவன் என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆட்டுக்குட்டி என்றால் அவனுக்குக் கை நினைவு. எதிரே இருப்பவன் யார் என அறிந்து தேர்ந்த கதை அது. குற்றஞ் செய்தவனையே அது குத்திற்று. என்னுடைய படலை ஒரு குற்றமும் செய்யாதவரைக் குத்தியது.

பாதர் கோபித்துக்கொள்வார் என்றிருந்தேன். இரு கிழமை கழித்து மீண்டும் வந்தார். இம்முறை அந்த ஆங்கில நூலைக் கொண்டுவரவில்லை. அதன்பின் எங்கள் முறை மாறிற்று. முதலில் வாசகத்தை இருவரும் வாய்விட்டு மும்முறை வாசிப்போம். பிறகு, எதற்கு எது உவமை, எந்தத் தன்மையால் உவமை என்று கேட்போம். வினை, பயன், மெய், உரு என உவமைக்குத் தொல்காப்பியர் வகுத்த வகைகள் நான்கும் உயர்தர வகுப்பு மாணவருக்கு நான் ஆண்டுதோறும் ஒப்புவிக்கச் செய்பவை. அவை மறையுரைக்கு இவ்வளவு உதவும் என்று நினைத்ததில்லை.

2023 ஆடியில் மத்தேயு 13ஆம் அதிகாரத்துக் கடுகு விதை வந்தது. கடுகென்றதும் தமிழனுக்கு நாவில் வருவது, சிறுத்தாலும் காரம் போகாது என்ற பழமொழி. பாதரும் அதைத்தான் எழுதி வைத்திருந்தார். ஆனால் நற்செய்தி காரத்தைப் பேசவில்லை, வளர்ச்சியைப் பேசுகிறது. பொருள் ஒன்று, பொதுத்தன்மை வேறு. அப்படியானால் ஆலம்விதை? அதிவீரராம பாண்டியரின் வெற்றிவேற்கையிலே சின்னஞ்சிறு ஆலம்விதை படையோடு வரும் மன்னனுக்கும் நிழலாகிறது. பறவைகள் வந்து தங்கும் மரத்துக்கு இது பொருந்துவதுபோலத் தோன்றும். எனினும் அங்கே ஆலுக்கு எதிராக நிறுத்தப்படுவது பனை. பெரிய விதையிலிருந்து வானளாவ வளர்ந்தும் ஒருவருக்குக்கூட நிழல்தராத மரம் என்று பனையைச் சொல்லி, உருவத்தால் மட்டும் ஒருவர் பெரியவராகிவிடார் என்பதே அப்பாட்டின் கருத்து. பனையிலே உண்டு, பனையிலே வீடு வேய்ந்த வடபகுதியாருக்கு முன்னால் பனையைக் குறைத்துப் பேசிவிட்டு யார் ஊருக்குள் நடமாடுவது? பாண்டியர் எங்கள் பக்கம் வந்து பார்த்திருந்தால் வேறு மரத்தைத் தேடியிருப்பார்! சாந்தோக்கிய உபநிடதத்திலும் ஆலம்விதை உண்டு. உத்தாலகர் மகன் சுவேதகேதுவைக் கொண்டு விதையைப் பிளப்பித்து, உள்ளே என்ன தெரிகிறது என்று கேட்கிறார். ஒன்றுமில்லை என்கிறான். கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்பொருளிலிருந்தே மரம் நிற்கிறது என்கிறார் தந்தை. ஒரே விதை, ஒரு நூலில் நீதி, மற்றொன்றில் மெய்யியல். விண்ணரசின் வளர்ச்சி இரண்டிலும் இல்லை. கடைசியில் கடுகையே வைத்துக்கொள்வோம் என்றார் பாதர். கடுகு ஒரே போகத்தில் முளைத்து முதிரும் தோட்டத்துச் செடி, ஆல் தலைமுறை கடந்து நிற்கும் மரம் என்ற வேறுபாடும் அதற்கொரு காரணம். எடுத்துக்காட்டு தேடிப்போய் எடுத்துக்காட்டு வேண்டாம் என்று திரும்பி வருவதும் நல்ல தேடல்தான்.

சொற்களும் காலை வாரும். மக்களை மந்தையென்றும் செம்மறியென்றும் விவிலியம் அன்போடு அழைக்கிறது. எங்கள் ஊரில் "செம்மறி" என்றால் ஏச்சு. வகுப்பிலே நானே பலமுறை பாவித்திருக்கிறேன். இங்கே ஆடுமாடுகளைப் பின்னால் நின்று சாய்த்துக்கொண்டு போவார்கள். பாலஸ்தீனத்து ஆயன் முன்னே நடப்பான். ஆடுகள் அவன் குரலை அறிந்து பின்தொடரும். இந்த ஒரு வேறுபாட்டைச் சொன்னாலே ஏச்சு நீங்கி உவமை நிமிர்ந்துவிடும்.

கடுகுக்கு அடுத்த ஞாயிறு வலை உவமை. அதற்கு என்னிடம் வரவேண்டாம், கரைக்குப் போங்கள் என்றேன். சனி காலை அவர் கரைவலை இழுப்பவர்களோடு போய்க் கயிற்றைப் பிடித்திருக்கிறார். மடி கரைக்கு வந்ததும் மீனைத் தெரிந்துகொண்டிருந்த வயோதிபச் சம்மாட்டி ஒருவர், "வளைக்கேக்கை தெரிவில்லை, பாதர். தெரிவெல்லாம் கரையிலைதான். இழுக்கிறவன் தெரியத் தொடங்கினால் கயிறு விட்டிடும்" என்றாராம். மத்தேயுவில் நல்லவரையும் தீயவரையும் பிரிப்பது மனிதர் வேலையல்ல, முடிவிலே வரும் வானதூதரின் வேலை. நூல்நிலையத்தில் நான் ஒரு மாதம் இருந்தாலும் அந்த விளக்கம் கிடைத்திராது. சம்மாட்டியின் அனுமதியைக் கேட்டே அதை மறையுரையில் சொன்னார் பாதர். அனுமதி கேட்பது அந்த 2022 ஞாயிறுக்குப் பிறகு வந்த பழக்கம்.

2025 பங்குனியில் ஊதாரி மைந்தன் திரும்பி வந்தான். தவக்காலத்து நான்காம் ஞாயிறுக்கு முதற்கிழமை பாதர் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த வாசகம் வருகிறது என்று மட்டும் சொன்னாராம். "வாசகத்தை வாசியுங்கோ, பாதர். அது கடவுளின்ரை. மற்றதைப் பாத்துச் சொல்லுங்கோ" என்றாராம் அவர்.

மூத்தமகனைப் பற்றிப் பேசுவதென்று தீர்மானித்தோம். கனடாவிலிருந்து தம்பி இரண்டு கிழமை லீவில் வந்தால் நண்டும் இறாலும் கிடாய் இறைச்சியும் வீடு நிறையும்; பத்து வருடம் பக்கத்திலிருந்து தாயைத் தூக்கிக் குளிப்பாட்டிய அண்ணனுக்கோ அந்த மேசையில் கடைசி இருக்கை. அவன் முற்றத்திலே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான். அவன் கோபத்தில் நியாயமில்லையென்று யார் சொல்வது? கதையிலே தந்தை அவனைத் தேடியும் வெளியே வருகிறார் என்பதைப் பாதர் அங்கேதான் வைத்தார். முதலில் சிரிப்பு எழுந்தது. பிறகு ஆண்கள் பக்கத்தில் இரண்டு மூன்று வாங்குகள் அசையாமல் இருந்தன.

அந்த அம்மா வழக்கம்போல மூன்றாம் வாங்கில் இருந்தார். இளையமகனைத் தந்தை கண்ட இடத்தைப் பாதர் வாசகத்தில் உள்ளபடி ஒரே வசனத்தில் சொல்லிக் கடந்தார். படலையை எடுக்கவில்லை.