கேமராவைத் தூக்குறதுக்கு முன்னாடி, கொஞ்சம் பாருங்க

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போயிருக்கீங்களா? லாரிகள் வரிசையா நிக்கிற ரோட்டைத் தாண்டினா ஒரு காலி மனை. ரெண்டு இரும்புக் குழாய், நடுவுல ஒரு நெட், தரையில சுண்ணாம்புக் கோடு. அங்க வாலிபால் ஆடுறவங்க எல்லாருமே சுத்தி இருக்கிற ஃபேக்டரிகள்ல வேலை பாக்கிறவங்க. லீவுல இருக்கிறவர் நிதானமா வருவார். நைட் ஷிப்ட் போறவர் டிபன் பையைக் கம்பத்துல மாட்டிட்டு, ஒரே ஒரு செட் ஆடிட்டு ஓடுவார். தமிழ், தெலுங்கு, இந்தி மூணு மொழியிலயும் சத்தம் கேக்கும்.

நாங்க நாலு பேர் இந்த டீமைப் பத்தி ஆறு நிமிஷ ஆவணப்படம் ஒண்ணு எடுத்தோம். எடிட் முடிஞ்சதும் முதல் வேலையா அந்த டீமோட செட்டர் கையில போனைக் கொடுத்துக் காட்டினோம். காண்ட்ராக்ட் வேலையில இருக்கிற பையன். முழுசா பார்த்துட்டு, ரொம்ப மரியாதையா ஒண்ணு சொன்னான்:

"நல்லாத்தான் இருக்குண்ணா. ஆனா இதுல நான் ஆடவே இல்லையே?"

திரும்பப் போட்டுப் பார்த்தோம். உண்மைதான். ஆறு நிமிஷத்துல ஆட்டம் நாற்பது நொடிகூட இல்லை. அதுவும் மொத்தமும் ஸ்லோமோஷன். மீதி எல்லாம் கிழிஞ்ச ஷூ, வாடகை ரூம், அம்மாவோட போன் கால், பின்னாடி வயலின். போற போக்குல இன்னொண்ணும் கேட்டான்: "அந்த ஷாட்ல என் ஐடி கார்டு தெரியுதுண்ணா. அதைத் தூக்கிடுங்க. ஓவர்டைம் பத்திப் பேசினதையும்தான்."

அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல உக்காந்து யோசிச்சோம். வயலின் போடணும்னு நம்ம நாலு பேர்ல யாரு முடிவு பண்ணது? யாருமே பண்ணலை. ஷூவை க்ளோசப் எடுக்கச் சொன்னது யாரு? யாருமில்லை. நம்ம கண்ணுல ஏற்கெனவே தேங்கியிருந்த வீடியோக்கள்தான் எங்களுக்குப் பதிலா முடிவு எடுத்திருக்கு.

"மத்தவங்க வீடியோவைப் பார்த்தா காப்பி அடிச்சுடுவோமே, சொந்தமா எடுக்கலாமே"ன்னு நிறைய பேர் சொல்வாங்க. நிஜம் நேர்மாறானது. ஆராய்ஞ்சு பார்க்காதவங்கதான் தங்களுக்கே தெரியாம காப்பி அடிக்கிறாங்க. நாங்க பட்டுத் தெரிஞ்சுகிட்டது இது. நீங்க படாமலே தெரிஞ்சுக்கலாம்.

எப்படிப் பார்க்கணும்?

ரசிகனா பார்க்கிறது வேற, எடுக்கப்போறவனா பார்க்கிறது வேற. ஒரு விளையாட்டு வீடியோவைத் தேர்ந்தெடுத்து மூணு தடவை பாருங்க. முதல் தடவை சாதாரணமா. ரெண்டாவது தடவை சத்தத்தை முழுசா அணைச்சுட்டு. மூணாவது தடவை கண்ணை மூடிட்டு, காதால மட்டும்.

சத்தம் இல்லாம பார்க்கும்போது கேமரா உண்மையில எதைக் காட்டுதுன்னு தெரியும். பல வீடியோக்கள்ல இசையை எடுத்துட்டா ஒருத்தர் சும்மா நடந்து போறதுதான் மிச்சம் இருக்கும். கண்ணை மூடிக் கேட்டா, அந்த ஆட்டத்தோட சொந்த சத்தம் படத்துல இருக்கா இல்லையான்னு தெரியும். வாலிபால்ல கை பந்தைத் தொடுற சத்தத்தை வெச்சே அது நல்ல அடியா இல்லையான்னு ஆடுறவங்க சொல்லிடுவாங்க. எங்க முதல் எடிட்ல அந்தச் சத்தம் ஒரு இடத்துல கூட இல்லை.

அப்புறம் ஒரு ஷீட் போடுங்க. ஷாட் எண், எத்தனை நொடி, ஆட்டமா பேட்டியா பழைய படமா, யார் குரல், இசை உண்டா இல்லையா. இவ்வளவு போதும். பத்து நிமிஷ வீடியோவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். முடிச்சதும் சதவீதம் கணக்குப் போடுங்க. நம்ம படிப்புக்கு இது கஷ்டமான வேலையே இல்லை.

ஒவ்வொரு பாணிக்கும் ஒரு விலை

இப்படிப் பார்க்க ஆரம்பிச்சதும் எங்களுக்குப் புரிஞ்ச முக்கியமான விஷயம் இதுதான்: ஒரு பாணி என்பது வெறும் அழகு சமாச்சாரம் இல்லை. ஒவ்வொன்றும் உங்களிடம் ஒன்றைக் கேட்கும், ஒன்றை மறைக்கும்.

முதல்ல நாங்க எடுத்த 'இன்ஸ்பிரேஷன்' பாணி. வறுமை, கண்ணீர், மெடல், கடைசியில ஒரு வாசகம். ஒரு வீராங்கனைக்கு வெளிநாட்டுப் போட்டிக்குப் போக டிக்கெட் பணம் திரட்டணும்னா இது வேலை செய்யும், குறை சொல்ல முடியாது. ஆனா இது மறைக்கிறது ஆட்டத்தை. பார்க்கிறவருக்கு அந்த ஆள்மேல பரிதாபம் வரும். அவருக்கு என்ன திறமைன்னு மட்டும் கடைசி வரைக்கும் தெரியாது.

எங்க ஸ்லோமோஷன் எங்கிருந்து வந்ததுன்னு யோசிச்சா, 'வெண்ணிலா கபடி குழு' (2009), 'சார்பட்டா பரம்பரை' (2021) மாதிரி படங்கள்ல இருந்துதான். அதெல்லாம் கதைப்படம். ஒரு குத்து சரியா வரலைன்னா திரும்ப எடுப்பாங்க. ஞாயித்துக்கிழமை கிரவுண்டுல ஸ்மாஷ் ஒரு தடவைதான் விழும். இன்னொரு தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ராத்திரி லைட் வெளிச்சத்துல ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல வைக்கலைன்னா பல விளக்குகள்ல படம் மினுக்கும். 120 ஃப்ரேம் ஸ்லோமோவுக்கு 1/50 வைக்கவே முடியாது. அதுக்குப் பகல் வெளிச்சம் வேணும். நாங்க எடுத்ததுல பாதி இப்படியே வீணாப்போச்சு.

அடுத்தது, கூடவே இருந்து பார்க்கிற பாணி. இதுக்குப் பெரிய உதாரணம் 'ஹூப் ட்ரீம்ஸ்' (1994). சிகாகோவில் கூடைப்பந்து ஆடிய இரண்டு பள்ளி மாணவர்களைப் பற்றிய படம். அரை மணி நேர டிவி படமாக ஆரம்பித்தது, ஐந்து வருடம் ஓடியது. சுமார் 250 மணி நேரம் எடுத்து, மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான படமாக வெட்டினார்கள். நம்ம பக்கத்துல பார்க்க வேண்டியது இயன் மெக்டொனால்டு இயக்கிய 'அல்காரிதம்ஸ்' (2012). பார்வையற்ற இந்தியச் சிறுவர்கள் ஆடும் சதுரங்கம் பற்றியது, அதில் ஒரு பையன் சென்னைக்காரர். முழுக்கக் கறுப்பு வெள்ளை. அந்த ஆட்டத்தில் காய்களைத் தொட்டுத்தான் பார்ப்பார்கள், அதனால் கவனம் முழுக்க விரல்களுக்குப் போய்விடுகிறது. இந்தப் பாணி கேட்கும் விலை காலம். மூணு வாரக் கடைசியில இதை எடுக்க முடியாது, எடுத்ததா பாவனைதான் பண்ண முடியும்.

மூணாவது, பழைய காட்சிகளை வெச்சே சொல்றது. 'சென்னா' (2010) பிரேசில் கார் பந்தய வீரர் அயர்டன் சென்னாவைப் பற்றியது. பேட்டி கொடுப்பவர்களை உட்காரவைத்துக் காட்டவில்லை, அவர்கள் குரல் மட்டும் பழைய காட்சிகள்மேல் வரும். ஃபார்முலா ஒன் நிர்வாகம் தன் கிடங்கைத் திறந்துவிட்டதால்தான் அது முடிந்தது. நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலயே இதுக்கு ஒரு பொருள் காத்துக்கிடக்கு, தெரியுமா? சோழவரம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல வருடங்கள் கார், பைக் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்ததும் பந்தயம் அங்கே போய்விட்டது. இப்ப சோழவரத்துல போய் கேமராவைத் திருப்பினா பந்தயம் கிடைக்காது. கிடைக்கக்கூடியது மனிதர்களோட ஞாபகமும், வீட்டு ஆல்பத்துல இருக்கிற போட்டோவும். அப்போ பாணியைப் பொருள்தான் தீர்மானிக்குது, நீங்க இல்லை.

நாலாவது, ஒரே ஆள், ஒரே நாற்காலி. 'தி குயின் ஆஃப் பாஸ்கெட்பால்' (2021) மொத்தம் 22 நிமிடம். லூசியா ஹாரிஸ் என்ற அம்மா கேமராவைப் பார்த்துப் பேசுகிறார், நடுநடுவே பழைய காட்சிகள். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாக வந்தது, அதில் முதல் கூடையைப் போட்டவர் இவர். 2022-ல் குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. பட்ஜெட் இல்லாதவங்களுக்கு இதுதான் சுலபம்னு தோணும். ஆனா மொத்தப் பாரமும் பேசுறவர் மேல. அவருக்குச் சொல்ல ஆசை இருக்கணும், சொல்றதுக்குப் பயம் இருக்கக் கூடாது. எங்க செட்டருக்கு வேலை போயிடுமோங்கிற பயம் இருந்துச்சு. அவனை நாற்காலியில உக்காரவெச்சதே எங்க தப்பு.

அஞ்சாவது, ஓரத்தைப் பார்க்கிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கைப் படமாக்க கோன் இச்சிகாவாவிடம் கொடுத்தார்கள். யார் ஜெயித்தார்கள் என்ற பதிவைத்தான் எதிர்பார்த்தார்கள். 'டோக்கியோ ஒலிம்பியாட்' (1965) பார்வையாளர் முகம், மழை, தோற்றவரின் மூச்சு என்று போனது. அப்போது புதிதாகச் சுதந்திரம் அடைந்திருந்த சாட் நாட்டிலிருந்து வந்த ஓட்டக்காரர் ஒருவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைக்கூட நின்று பார்க்கிறது. அங்கே ஓர் அமைச்சரே இதைக் குறை சொன்னார். இன்றைக்கும் விளையாட்டு ஆவணப்படம் என்றால் முதலில் சொல்லப்படும் பெயர்களில் இதுவும் ஒன்று.

ஆறாவது, ஒரே ஆட்டக்காரரை விடாமல் பார்ப்பது. 2005 ஏப்ரல் 23, ரியல் மாட்ரிட் – வில்லாரியல் கால்பந்து ஆட்டம். 17 கேமராக்கள், எல்லாமே ஜிடான்மேல் மட்டும். பந்து எங்கே போனாலும் கவலை இல்லை. 2006-ல் அது முழுநீளப் படமாக வந்தது. டிவியில் நாம் பார்ப்பது பந்தின் கதை, இது மனுஷனின் கதை.

நாங்க தேர்ந்தெடுத்தது

பட்டியலை முடிச்சுட்டு எங்களையே மூணு கேள்வி கேட்டோம். நம்மகிட்ட நிஜமா என்ன இருக்கு? கேமரா முன்னாடி என்ன நடக்கும்? படம் வெளியானதுக்கு அப்புறம் அதுல வர்றவருக்கு என்ன ஆகும்?

எங்ககிட்ட இருந்தது ரெண்டு போன், ஒரு டிரைபாட், மூணு ஞாயித்துக்கிழமை. பழைய காட்சி கிடையாது, அஞ்சு வருஷம் கிடையாது. ஆனா ஒவ்வொரு வாரமும் தவறாம நடக்கிற ஆட்டம் இருக்கு. ஜிடான் பாணிதான் பொருந்துச்சு. வாலிபால்ல அதுக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. ஒரு டீம் அதிகபட்சம் மூணு தொடுதல்ல பந்தை அனுப்பணும். ரெண்டாவது தொடுதல் பெரும்பாலும் செட்டரோடது. பந்தைத் துரத்துற கேமரா, எடுக்கிறவர்கிட்டயிருந்து அடிக்கிறவர்கிட்ட தாவிடும். நடுவுல இருக்கிற செட்டரை யாரும் பார்க்கிறதே இல்லை. அவன் காண்ட்ராக்ட் வேலையிலயும் அப்படித்தானேன்னு எங்கள்ல ஒருத்தன் சொன்னான். அதைப் படத்துல எழுத்தா போடலாம்னும் சொன்னான். வேண்டாம்னு முடிவு பண்ணோம். பார்க்கிறவங்களுக்கே தோணட்டும்.

ரெண்டு போனையும் அவன் மேலயே வெச்சு முழுசா ஒரு செட், 25 பாயிண்ட் வரைக்கும், வெளிச்சம் போறதுக்குள்ள எடுத்தோம். மூணாவதா கடன் வாங்கின ஒரு போனை நெட் கம்பத்துல கட்டி சத்தத்துக்கு மட்டும் விட்டோம். பின்னணிக் குரல் கிடையாது, இசை கிடையாது. மூணு மொழியில வர்ற கத்தலுக்கெல்லாம் தமிழ்ல சப்டைட்டில். அடுத்த டீம் உட்பட எல்லார்கிட்டயும் முன்கூட்டியே கேட்டு, ஐடி கார்டு, யூனிஃபார்ம் எதுவும் ஃப்ரேம்ல வராம பார்த்துக்கிட்டோம். 'ஹூப் ட்ரீம்ஸ்' எடுத்தவங்க படத்துல வந்த வருமானத்தை அந்தக் குடும்பங்களோட பகிர்ந்துகிட்டாங்க. எங்க படத்துல வருமானம் ஏது? அதனால எங்களால முடிஞ்ச ஒண்ணைச் செஞ்சோம்: யூடியூப்ல ஏத்துறதுக்கு முன்னாடி அவங்க பார்ப்பாங்க, வேண்டாம்னு சொன்னதை வெட்டுவோம்.

நீங்க ஆரம்பிக்கிறதுக்கு

உங்க ஊர்லயும் இருக்கும். மீஞ்சூர்ல கேரம், பொன்னேரி பக்கம் கபடி, இல்ல கும்மிடிப்பூண்டி லோக்கல்ல பேட்டைத் தூக்கிட்டுப் போற டென்னிஸ் பால் கிரிக்கெட் கோஷ்டி. பொருளை முடிவு பண்ணிட்டீங்கன்னா ஒரு வாரம் கேமராவைத் தொடாதீங்க. மூணு நாள் பத்து வீடியோ பாருங்க. அதுல அஞ்சாவது உங்களுக்குப் பிடிக்காத மாதிரி இருக்கணும், பழசாவும் இருக்கணும். ரெண்டு நாள் ஷீட் போடுங்க. மீதி ரெண்டு நாள் வெறுங்கையோட கிரவுண்டுக்குப் போய் உக்காந்து ஆட்டத்தைப் பாருங்க. வீடியோல பார்த்தது எதுவும் அங்க இல்லைன்னா நல்லது. அங்க இருந்து எதை வீடியோக்கள் காட்டவே இல்லைன்னு தெரிஞ்சா இன்னும் நல்லது. உங்க படம் அங்கதான் இருக்கு.

ரெண்டாவது எடிட்டை அந்த செட்டர்கிட்ட காட்டினோம். ஏழு நிமிஷமும் ஒண்ணும் பேசாம பார்த்தான். பிடிக்கலை போலன்னு நினைச்சோம். நாலாவது நிமிஷத்துக்குத் தள்ளி, நிறுத்தி, திரையில விரலை வெச்சான்.

"இந்தப் பால் நான் கொஞ்சம் தாழ்வா கொடுத்துட்டேன்ணா. அதான் அவன் நெட்ல அடிச்சான்."

ஐடி கார்டைப் பத்திக் கேக்கலை. வெட்டணும்னும் எதையும் சொல்லலை. இன்னொரு தடவை போடச் சொன்னான்.